மலை ஏறும்போது மட்டும் மாறும் ஹீட்டர் காற்று

கேள்வி: என்னிடம் 1995 மாடல் செரோகி ஜீப், பெட்ரோல் வண்டி உள்ளது. ஹீட்டர் காற்றைக் காலுக்கு வைத்தால், நிறுத்தி வைத்திருக்கும்போது சரியாக வருகிறது. அடிவாரம் தாண்டி மலை ஏற ஆக்சிலேட்டரை மிதித்ததும் காற்று முன் கண்ணாடிக்குப் போய்விடுகிறது. காலை எடுத்தால் திரும்பக் கீழே வருகிறது. டேஷ்போர்டைக் கழற்றி ஹீட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: டேஷ்போர்டில் கை வைக்க விடாதீர்கள். காற்று சூடாக வருகிறது, ஃபேன் ஓடுகிறது என்றால் ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது. கோளாறு வேக்குவம் லைனில், அதாவது இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டுபோகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில்.

உங்கள் வண்டியில் காற்றின் திசையை மாற்றும் மடல்களை இழுப்பது இன்ஜின் உறிஞ்சும் வேக்குவம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்த உறிஞ்சல் குறைந்துவிடும். அந்த நேரத்துக்காக முன் பம்பருக்குப் பின்னால் பந்து போல ஒரு பிளாஸ்டிக் டப்பா வேக்குவத்தைச் சேமித்து வைக்கிறது. அது திரும்ப இன்ஜினுக்குப் போகாமல் ஒருவழி வால்வு தடுக்கிறது. லைன் எங்காவது விரிசல் விட்டிருந்தாலோ, வால்வு பிடிக்காமல் போனாலோ சேமிப்பு நிற்காது. உடனே ஸ்பிரிங் மடலைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். இது வேண்டுமென்றே செய்த அமைப்பு. எது கெட்டாலும் கண்ணாடியில் பனி படியக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். மார்கழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிற உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

முதலில் பேட்டரிக்குக் கீழே பாருங்கள். ஆசிட் பட்ட லைன் மொறமொறவென்று உடையும். அப்புறம் பம்பர் டப்பா, அதில் சொருகியிருக்கும் முனை. ஒருவழி வால்வைக் கழற்றி ஊதுங்கள்: டப்பா பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கமிருந்து போகக் கூடாது. உறிஞ்சிப் பார்க்காதீர்கள், பெட்ரோல் ஆவி இருக்கும். கசிவைத் தேட சூடான இன்ஜின் மேல் பெட்ரோலோ கார்புரேட்டர் ஸ்ப்ரேயோ அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

யாராவது மீட்டர் வைத்து, வேக்குவம் குறைவு, இன்ஜின் போச்சு என்றால் பயப்படாதீர்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் இன்ஜின், ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறைத்துக் காட்டும். ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. அங்கே 12 முதல் 16 வரை காட்டினால் சரியான கணக்குதான்.

உடைந்த இடத்தோடு நிறுத்தாமல், இருபுறமும் நல்ல பிளாஸ்டிக் வரும்வரை வெட்டி எடுங்கள். ஸ்பேர்ஸ் கடையில் வேக்குவம் ஹோஸ் என்றே கேளுங்கள். உள்விட்டம் பழைய குழாயின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். முனையை வெந்நீரில் முக்கினால் இளகி ஏறும். சைலன்ஸர் பக்கம் போகாமல், இன்ஜின் ஆடும்போது இழுபடாத அளவு தளர்வாக விட்டுக் கட்டுங்கள். மீன்தொட்டி டியூப் இன்ஜின் சூட்டில் தொய்ந்து ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் வால்வு டியூப் எண்ணெய் ஆவியில் ஊறிப் பிசுபிசுத்துப் போகும். பசை அதிர்வில் விட்டுவிடும்.

இன்னொன்று. பிரேக் பெடலை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரும் அதே இன்ஜின் வேக்குவத்தில்தான் வேலை செய்கிறது. ஐடில் ஏறி இறங்கினாலோ பிரேக் பெடல் கல்லாக இருந்தாலோ பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸையும் அன்றே பார்த்துவிடுங்கள். அதைச் சரிசெய்யாமல் சேலத்துக்கு வண்டியை இறக்காதீர்கள். மெக்கானிக்கை மேலே வரவழையுங்கள்.