மிளகாய் பறிக்க ஆள் வரவில்லை

ஐயா,
சாயல்குடிப் பக்கம் குண்டு மிளகாய் போடுகிறேன். பழம் பறிக்க ஆள் கேட்டால் நூறு நாள் வேலைக்குப் போகிறோம் என்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் கருவேல நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிப்ளமோ படித்த என் மகன் வீட்டில் சும்மா இருக்கிறான். இந்தத் திட்டத்தால் யாருக்கு என்ன பயன்?
ச., சாயல்குடி

அன்புள்ள ச.,

மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம் உறுதி சொன்னது உடலுழைப்பு வேலைக்கு, குடும்பத்துக்கு வருடம் 100 நாள். டிப்ளமோவுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

மிளகாய்க்கு வருவோம். 2025-26இல் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். வெட்டிய மண்ணை அளந்துதான் போடுவார்கள் என்பதால் அது முழுசாகக் கைக்கு வராத ஊர்கள் உண்டு. அதற்கே உங்கள் காட்டை விட்டுப் போகிறார்கள் என்றால், நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? கடிதத்தில் அதை மட்டும் காணோம்.

ஆந்திராவில் 157 மண்டலங்களில் (நம் ஊர் ஒன்றியம் மாதிரி) ஒரு ஆய்வு நடந்தது. இதே திட்டத்தின் கூலி ஒழுங்காகப் போய்ச்சேர, சில மண்டலங்களுக்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பிறகும் ஸ்மார்ட் கார்டு கொடுத்தார்கள். முதலில் வாங்கிய இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியது. கூடியதில் பெரும்பகுதி திட்டப் பணம் இல்லை, வெளிவேலையில் வந்தது. வெளியே கூலி ஏறியது, வேலையும் குறையவில்லை. போக இன்னொரு இடம் இருந்தால் பேரம் பேசலாம், அவ்வளவுதான். உங்கள் புகாரே திட்டம் வேலை செய்வதற்குச் சாட்சி என்பேன், கோபப்படாதீர்கள்.

கண்மாயில் இந்தத் திட்டத்தில் நடக்கும் வேலை பற்றி நீங்கள் திட்டினால் நானும் சேர்ந்து திட்டுவேன். சீமைக் கருவேலத்தை அரிவாளால் மேலாக வெட்டுகிறார்கள். தூர் உள்ளேயே கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் ஒரு தூரிலிருந்து நாலைந்து கிளை வெடிக்கும். தோண்டிய மண்ணைக் கரையடியிலேயே கொட்டுவதால் அது பள்ளத்துக்கே திரும்பி வரும். தூரோடு பிடுங்க இயந்திரம் வேண்டும். ஆள் வேலை போய்விடக்கூடாது என்று சட்டம் அதைத் தடுக்கிறது. காரணம் நியாயம்தான், ஆனால் மிஞ்சுவது முள்ளுக்காடு.

காலமும் பொருந்தவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகா. படகில் கூலிக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள், கண்மாயும் காய்ந்து கிடக்கும். வேலையை அப்போது குவித்தால் என்ன? பறிப்புக் காலத்தில் நிறுத்தச் சொல்வீர்கள். அதற்கு மட்டும் ஒப்ப மாட்டேன், அவர்கள் கூலி கூட்டிக் கேட்க முடிகிற காலமே அதுதான்.

வேலைப்பட்டியல் கிராம சபையில்தான் வரும். போய்க் கேளுங்கள். மிளகாய் பறிக்கிற பெண்களும் அங்கே வருவார்கள், கூலியையும் அப்படியே பேசிவிடலாம்.