மேசை வரவில்லை, பணத்துக்குப் பதில் ஸ்டோர் கிரெடிட்டாம்

கேள்வி: வட கரோலினாவில், சார்லட்டில் வசிக்கிறேன். ஹிக்கரி பக்கம் உள்ள ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் இணையதளத்தில் மார்ச் மாதம் சாப்பாட்டு மேசை ஆர்டர் செய்தேன். 3,800 டாலரையும் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன். எட்டு வாரம் என்றார்கள். "மரம் வரவில்லை", "இன்னும் தாமதம்" என்று இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. நான் பதில் போடவில்லை. ஆகஸ்டும் வந்துவிட்டது. பணத்தைக் கேட்டால், "உங்கள் அளவுக்குச் செய்வது, ரத்து கிடையாது, வேண்டுமானால் ஸ்டோர் கிரெடிட், அந்தத் தொகைக்கு எங்களிடமே வேறு பொருள் வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார்கள்.

பதில்: நல்லவேளை, இணையத்தில் ஆர்டர் கொடுத்தீர்கள். ஷோரூமுக்கு நேரில் போய்க் கொடுத்திருந்தால் இப்போது சொல்லப்போகும் மத்திய விதி பொருந்தாது.

மத்திய வர்த்தக ஆணையம் தபால் ஆர்டருக்காக 1975-ல் கொண்டுவந்த விதி இது. தொலைபேசியும் இணையமும் பிறகு சேர்ந்தன. சொன்ன கெடுவுக்குள் சரக்கை அனுப்ப வேண்டும். கெடு சொல்லாவிட்டால் 30 நாள். முடியாதென்றால் "காத்திருக்கிறீர்களா, பணம் வேண்டுமா" என்று கேட்டே ஆக வேண்டும். முதல் தாமதம் 30 நாளுக்குள் என்றால் உங்கள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது தாமதத்துக்கு அது செல்லாது. நீங்களே "சரி" என்று சொல்லாதவரை, அவர்கள் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்ப வேண்டும். உங்களைப் போல வங்கி கார்டில் கட்டியவருக்கு 7 வேலை நாளுக்குள்.

அளவெடுத்துச் செய்வது என்ற சாக்கு? விதிவிலக்குப் பட்டியலில் விதைகளும் செடிகளும்கூட இருக்கின்றன, மேசை இல்லை. ஸ்டோர் கிரெடிட்டும் பணமாகாது. அனுப்பாத சரக்குக்குக் கிஃப்ட் கார்டு கொடுத்ததும் ஒரு குற்றச்சாட்டாக இருந்த வழக்கில், 2020-ல் ஃபேஷன் நோவா என்ற இணைய ஆடை விற்பனை நிறுவனம் 93 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. டீலருக்கே விற்றுப் பழகிய சின்னத் தொழிற்சாலைகள் இதெல்லாம் பெரிய இணையக் கடைகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்வது உண்டு. நேரே விற்றால் அவர்கள்தான் கடைக்காரர்.

ஆனால் ஒரு சிக்கல்: இந்த விதியை வைத்து நீங்களே வழக்குப் போட முடியாது. மாநிலச் சட்டம்தான் கைகொடுக்கும். ஏமாற்று வணிகம் என்று நிரூபித்தால் வட கரோலினாவில் மூன்று மடங்கு நட்ட ஈடு உண்டு. அதில் ரொம்ப நம்பிக்கை வைக்காதீர்கள். வெறும் ஒப்பந்த மீறலை நீதிமன்றங்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டிய பணம் திரும்பினால் போதும் என்றால் சிறு வழக்கு நீதிமன்றமே போதும். மாஜிஸ்திரேட் விசாரிப்பார், வக்கீல் வைக்க வேண்டாம்.

அதற்கு முன் கார்டு வங்கிக்குப் போன் போடுங்கள். பில் தகராறுக்கான 60 நாள் கெடு தாண்டியிருக்கும். ஆனால் விற்றவர் உங்கள் மாநிலத்திலேயே இருப்பதால் வேறொரு வழி உண்டு: அந்த 3,800-ல் இன்னும் கட்டாத பாக்கி இருந்தால் அந்தத் தொகையைத் தர மறுக்கலாம். முழுவதும் கட்டிவிட்டீர்களா? அப்போதும் கேட்டுப்பாருங்கள். கார்டு நிறுவனங்களின் சொந்த விதிகளில் சரக்கு வரவேண்டிய தேதியிலிருந்து நாள் எண்ணுவதும் உண்டு.

இன்றே தொழிற்சாலைக்கு எழுத்தில் அனுப்புங்கள்: ஆர்டர் ரத்து, ஸ்டோர் கிரெடிட் வேண்டாம், 7 வேலை நாளில் பணம். வராவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அப்புறம், இடையில் மேசையோடு லாரி வந்து நின்றால், ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டு இறக்கிவிடாதீர்கள்.