403 வந்தால் ஐபியை மாற்றாதீர்கள், ஆறுதலாகக் கேளுங்கள்

கேள்வி: ஏ.எல். சோதனை எழுதிவிட்டுக் கோண்டாவிலில் வீட்டில் நிற்கிறேன். பைதன் ஓரளவு தெரியும். விளம்பரத் தளம் ஒன்றிலிருந்து பாவித்த மோட்டார் சைக்கிள்களின் விலையைச் சேர்க்க, வீடியோ பார்த்து ஒரு க்ரோலர் (பக்கம் பக்கமாகத் தானே போய்த் தகவல் சேர்க்கும் புரோகிராம்) எழுதினேன். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் 403 என்ற பிழை எண்தான் வருகிறது. ஐபியை (இணையத்தில் நம் இணைப்பின் முகவரி எண்) மாற்றி மாற்றி ஓடவிடு என்கிறார்கள் நண்பர்கள். இதை முறையாகப் பழக எங்கே தொடங்க வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். இடைவெளி விடாமல் ஓடும் ஒரு சின்ன லூப் செக்கனுக்கு மூன்று பக்கம் கேட்டால், பத்து நிமிடத்தில் 1,800 பக்கம். திருநெல்வேலிச் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்காரரிடம் மூச்சு விடாமல் 1,800 தரம் விலை கேட்டால் அவர் என்ன செய்வார்? பக்கங்களை அனுப்பும் கணினியான சேர்வரும் அதையேதான் செய்திருக்கிறது.

உங்கள் நண்பர்களின் யோசனையை விட்டுவிடுங்கள். கைத்தொலைபேசி இணைப்புகளில் ஒரே வெளி ஐபியைப் பல வீடுகள் பங்கிடுவது வழக்கம். உங்களால் அது தடைப்பட்டால் பக்கத்து வீட்டு அக்காவும் அந்தத் தளத்தைத் திறக்க முடியாமல் தவிப்பார். 403 என்றால் 'வராதே'. 429 என்றால் 'இவ்வளவு வேகம் வேண்டாம்'. 429 உடன் எத்தனை செக்கன் பொறுக்க வேண்டும் என்பதையும் சேர்வர் பல நேரங்களில் சொல்லி அனுப்பும். அந்த எண்ணை வாசித்து, அவ்வளவு நேரம் தூங்க உங்கள் புரோகிராமுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது ரோபோட்ஸ் கோப்பு. எந்தப் பக்கத்துக்குள் பொட் (க்ரோலர் போன்ற தானியங்கிப் புரோகிராம்) வரலாம், எதற்குள் வரக்கூடாது என்று தள உரிமையாளர் எழுதி வைக்கும் சின்னக் கோப்பு அது. மார்ட்டின் கோஸ்டர் 1994இல் முன்வைத்த இந்த வழக்கம் 2022இல்தான் முறையான இணையத் தர ஆவணமானது. நம் ஊர் வேலியில் இருக்கும் படலை மாதிரித்தான் இதுவும். பூட்டு இல்லை, தள்ளினால் திறக்கும். ஆனாலும் வெளியில் நின்று கூப்பிடாமல் யாரும் உள்ளே போவதில்லை. அந்தக் கோப்பை வாசிக்கும் நிரல்கூறு பைதனுடனேயே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கூடவே உங்கள் பொட்டுக்கு ஒரு பெயரும் தொடர்புக்கு ஒரு மின்னஞ்சலும் கோரிக்கையில் வையுங்கள். குரோம் உலாவி போல வேடம் போட வேண்டாம்.

இனி உள்ளே இருக்கும் இயந்திரம். க்ரோலர் என்பது சாராம்சத்தில் ஒரு வரிசையும் ஒரு பதிவேடும்தான். போக வேண்டிய முகவரிகள் வரிசையில் நிற்கும், போய் வந்தவை பதிவேட்டில் ஏறும். 2022இல் பெற்றோல் ஷெட் வரிசைகளில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கியூஆர் பங்கீட்டு முறை வந்த பிறகு, வாரப் பங்கை அடித்து முடித்தவர் வேறு ஷெட்டுக்குப் போனாலும் கணக்கில் பிடிபட்டார். பதிவேடு செய்யும் வேலை அதுதான். புதிதாக எழுதுபவர்கள் வழுக்குவதும் இங்கேதான்: ஒரே பக்கம் கடைசியில் சாய்கோடு இருந்தும் இல்லாமலும், சில நேரம் பின்னால் வருகைக்கு வருகை மாறும் ஒரு செஷன் எண்ணை ஒட்டிக்கொண்டும் வரும். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே பதிவேட்டில் தேட வேண்டும்.

பதிவேடு மட்டும் காப்பாற்றாது. நான் பழகிய காலத்தில் ஒரு நிறுவனத்தின் தளத்தை, ஐந்து செக்கனுக்கு ஒரு பக்கம் என்று மிக மரியாதையாக, இரவு ஓடவிட்டுப் படுத்தேன். அதில் ஒரு நிகழ்ச்சி நாட்காட்டி, அதில் 'அடுத்த மாதம்' என்று ஓர் இணைப்பு. எட்டு மணி நேரத்தில் 5,760 பக்கம், அதாவது 480 வருடம்! விடியப் பார்த்தால் என் க்ரோலர் இருபத்தைந்தாம் நூற்றாண்டின் வெறும் மாதங்களைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டிருந்தது. ஒரு தளத்துக்கு இத்தனை பக்கம், இத்தனை ஆழம் என்ற எல்லையை முதல் நாளே எழுதி வையுங்கள்.

பக்கத்தை இறக்குவதையும் அதிலிருந்து விலையைப் பிடுங்குவதையும் ஒரே புரோகிராமில் செய்யாதீர்கள். முதலில் பக்கத்தை அப்படியே கோப்பாக வையுங்கள். விலை எந்தக் குறிச்சொல்லுக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இருபது தடவை பிழைவிடுவீர்கள், எல்லோரும் விடுவதுதான். அந்த இருபது தடவையும் வீட்டிலுள்ள கோப்பிலேயே நடந்தால் டேட்டாக் காசும் மிச்சம், அவர்களுடைய சேர்வருக்கும் நிம்மதி.

பயிற்சிக்கு, பைதனில் உள்ள சின்னச் சேர்வரில் நீங்களே நாலு பக்கம் செய்து அவற்றைச் சுற்றி வாருங்கள். பிறகு 'புக்ஸ் டு ஸ்க்ரேப்' தளத்துக்குப் போங்கள். பழகுபவர்களுக்கென்றே 1,000 புத்தகங்களை 50 பக்கங்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தை இறக்கும் ரிக்வெஸ்ட்ஸ், அதைப் பிரித்து வாசிக்கும் பியூட்டிஃபுல் சூப் என்ற பைதன் நிரல்கூறுகள் இரண்டும் அதற்குப் போதும். க்ரோலரின் வேலைகளைத் தயாராகச் செய்து தரும் ஸ்க்ரேப்பி நல்ல சாமான்தான், ஆனால் வரிசையையும் பதிவேட்டையும் ஒரு தரம் கையால் எழுதிய பிறகு தொடுங்கள். மூன்றாவதாகத் தமிழ் விக்கிப்பீடியா. அங்கே பக்கங்களைக் கிளற வேண்டியதே இல்லை. புரோகிராம்கள் நேரடியாகத் தகவல் கேட்க ஏபிஐ என்ற வழி இருக்கிறது, ஒரே கோரிக்கையில் 50 தலைப்புகள் வரை கேட்கலாம்.

தமிழ்ப் பக்கங்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. எழுத்துக்குறியீட்டைச் சேர்வர் சொல்லாவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். தலையில் கீறல் போட்ட ஆங்கில 'ஏ'கள் வரிசையாக வந்தால் காரணம் இதுதான். உரைக்குப் பதிலாக மூல பைட்டுகளைப் பியூட்டிஃபுல் சூப்பிடம் கொடுங்கள், பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும். பழைய ஈழத்துத் தளங்களில் வேறு கதை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பக்கம் கணினிக்கு ஆங்கிலமாகவே தெரியும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். அதை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு அட்டவணை எழுதிப் பாருங்கள். என்னைக் கேட்டால், நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த பயிற்சி அதுதான்.

இனி உங்கள் மோட்டார் சைக்கிள். முதலில் அந்தத் தளத்தின் நிபந்தனைகளை வாசியுங்கள். தானியங்கிச் சேகரிப்பு கூடாது என்று இருந்தால், எழுதிக் கேளுங்கள். மறுத்தால் வேறு தளம் பாருங்கள். அனுமதி இருந்தால் 1,800 பக்கம் எதற்கு? விலைப்போக்கை அறிய நாளுக்கு ஒரு தரம் முதல் இரண்டு பட்டியல் பக்கங்கள் காணும். மாடல், வருடம், விலை மட்டும் எடுங்கள். விற்பவரின் பெயரையும் ஃபோன் நம்பரையும் தொடாதீர்கள். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பைக் விற்க நம்பர் போட்டவர் உங்கள் பட்டியலில் ஏறச் சம்மதிக்கவில்லை.

வரிசையையும் பதிவேட்டையும் எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளக் கோப்பில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.