எடை கேக்காம மாத்திரை குடுத்துட்டாங்க, வேலை செய்யுமா?

கேள்வி: பெங்களூர்ல ஐடி வேலைல இருக்கேன், எடை 84 கிலோ. போன மாசம் காண்டம் கிழிஞ்சதால மறுநாள் காலைல மெடிக்கல்ஸ்ல கர்ப்பம் ஆகாம இருக்க அவசர மாத்திரை வாங்கிப் போட்டேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேக்கல, பேப்பர்ல சுத்தி கறுப்பு கவர்ல போட்டு நீட்டிட்டாரு. பீரியட்ஸ் வந்துடுச்சு, பிரச்சனையில்ல. ஆனா லண்டன்ல இருக்குற அக்கா, அங்க எடை கேட்டுட்டுதான் குடுப்பாங்க, குண்டா இருந்தா ரெண்டு மாத்திரைன்னு சொல்றா. நான் ஏமாந்துட்டேனா? இனிமே ரெண்டு பாக்கெட் வாங்கணுமா?

பதில்: அக்கா கரெக்டாத்தான் சொல்றாங்க, ஆனா கதை அதோட முடியல. நம்ம ஊர்ல ஐ-பில், அன்வான்டட் 72னு எந்தப் பேர்ல வாங்குனாலும் உள்ள இருக்குறது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம்தான், 50 கிலோ ஆளுக்கும் அதே, 84 கிலோ ஆளுக்கும் அதே. கருமுட்டை வெளிய வர்றத தள்ளிப் போடுறதுதான் அதோட வேலை, ஆனா உடம்பு பருமனா இருக்குறவங்களுக்கு ரத்தத்துல ஏறுற மருந்தோட அளவு கிட்டத்தட்ட பாதிதான்னு ஆராய்ச்சில அளந்து பாத்திருக்காங்க.

2013ல ஐரோப்பாவுல நோர்லெவோங்குற இதே மருந்தோட சீட்டுல, 75 கிலோவுக்கு மேல சரியா வேலை செய்யாது, 80க்கு மேல வேலையே செய்யாதுன்னு போட முடிவு பண்ணாங்க, பெரிய கலாட்டா ஆச்சு. 2014ல ஐரோப்பிய மருந்து ஏஜென்சி, இருக்குற ஆதாரம் அவ்ளோ உறுதியா சொல்லப் பத்தாது, எந்த எடையா இருந்தாலும் போடலாம்னு சொல்லி அந்த வரிய எடுக்க வச்சிட்டாங்க. அதனால பெட்டில எடை பத்தி ஒன்னும் இல்லங்குறதுக்காக எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்னு நினைச்சுக்காதீங்க.

ரெண்டு மாத்திரை விஷயத்துக்கு வர்றேன். பிரிட்டன் டாக்டர்கள் 2017லேயே, 70 கிலோவுக்கு மேல இல்லன்னா பிஎம்ஐ (உயரத்த வச்சு எடைய பாக்குற கணக்கு) 26க்கு மேல இருந்தா யூலிப்ரிஸ்டால்ங்குற வேற மாத்திரை, இல்லன்னா லெவோநார்ஜெஸ்ட்ரல் டபுள் டோஸ்னு வழிகாட்டுதல் போட்டாங்க, அங்க எடை கேக்குறது இதனாலதான். டபுள் போட்டா ரத்தத்துல அளவு ஏறுதுங்குறது உண்மை. ஆனா 2022ல அமெரிக்காவுல பருமனா இருக்குறவங்கள ரெண்டா பிரிச்சு நேரடியாவே சோதிச்சுப் பாத்தப்போ, கருமுட்டை தள்ளிப் போறதுல ஒன்னு போட்டவங்களுக்கும் ரெண்டு போட்டவங்களுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வரல. அதனால ரெண்டாவது பாக்கெட்டுக்கு நூத்திச்சொச்சம் ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

எடை குறுக்க வராத ஒன்னு இருக்கு, அது கருப்பைக்குள்ள வைக்கிற காப்பர்-டி. 5 நாளுக்குள்ள போட்டா அவசரத்துக்கும் அதுதான் பெஸ்ட், அப்புறம் வருஷக்கணக்குல கவலையும் இல்ல, அரசு ஆஸ்பத்திரில இலவசம். கவர்ல சுத்திக் குடுக்குற கடைல இத யாரும் சொல்ல மாட்டாங்க, அதுல அவங்களுக்கு என்ன லாபம்? கிடைக்கலன்னா மாத்திரைய லேட் பண்ணாம போடுங்க, 72 மணி நேரம் இருக்கேன்னு உக்காந்திருக்காதீங்க, சீக்கிரம் போட்டாத்தான் பலன் அதிகம். பீரியட்ஸ் ஒரு வாரம் தள்ளிப் போச்சுன்னா டெஸ்ட் கார்டு வாங்கிப் பாத்துடுங்க. இன்னொன்னு, டிபிக்கு ரிஃபாம்பிசினோ வலிப்புக்கு சில மாத்திரைகளோ எடுக்குறவங்களுக்கு, ஒல்லியா இருந்தாலும் இந்த மாத்திரையோட பவர் குறையும், கடைல கண்டிப்பா சொல்லுங்க.

கேள்வி: வயசு 37, எடை 92 கிலோ. தினமும் மாலா-டி கருத்தடை மாத்திரை போடுறேன். குண்டா இருந்தா மாத்திரை கேக்காதுன்னு ஓரகத்தி பயமுறுத்துறாங்க, நிறுத்திடலாமா?

பதில்: அவங்க பேச்சக் கேட்டு நீங்களா நிறுத்தாதீங்க. தினசரி மாத்திரைல எடையால வர்ற வித்தியாசம் இருந்தாலும் சின்னதுதான், மறந்து விடுறதுதான் பெரிய ஓட்டை. ஒன்னு விட்டுப்போனா ஞாபகம் வந்ததும் போட்டுட்டு தொடருங்க, ரெண்டு மூணு விட்டா ஒரு வாரம் காண்டமும் சேத்துக்கோங்க. ஆனா எனக்கு கவலை வேற இடத்துல. மாலா-டில ஈஸ்ட்ரோஜன்ங்குற ஹார்மோன் இருக்கு, வயசு 35 தாண்டி எடையும் கூட இருந்தா ரத்தம் உறையுற ஆபத்து கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்குனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இது உங்களுக்கு ஏத்ததா, இல்ல காப்பர்-டிக்கு மாறலாமான்னு இந்த வாரமே டாக்டர பாத்துக் கேளுங்க. எடைய எழுதுனீங்க, பிபி எவ்ளோன்னு எழுதல, கடைசியா எப்ப பாத்தீங்க?