பள்ளியில் ஒரு பயிற்சி அகழாய்வு: கேள்வியும் பதிலும்

பள்ளிக்கு அருகே உள்ள மேட்டில் பானை ஓடுகள் கிடக்கின்றன. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தோண்டலாமா சார்?

வேண்டாம். அனுமதியின்றித் தொல்லியல் இடத்தைத் தோண்டுவது பல நாடுகளில் குற்றம். அதைவிட முக்கியம், ஒரு மண்ணடுக்கை ஒருமுறைதான் தோண்ட முடியும். கலைத்துவிட்டால் போனது போனதுதான். பிள்ளைகளை வரிசையாக நடக்கவிடுங்கள். ஓடுகளைத் தொடாமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, கிடந்த இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் குறிக்கட்டும். புள்ளிகள் எங்கே நெருக்கம், எங்கே இல்லை, ஏன் என்பதை வைத்தே ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். படங்களைத் தொல்லியல் துறைக்கும் அனுப்பிவிடுங்கள்.

அப்படியென்றால் தோண்டும் அனுபவத்தை எப்படிக் கொடுப்பது?

பள்ளி வளாகத்தில் நீங்களே ஒரு குழி தயார் செய்யுங்கள். ஒரு மீட்டர் நீள அகலம், முழங்கால் ஆழம் போதும். அடியில் மணலும் உடைத்த பானையும் கரித்துண்டும், நடுவில் செம்மண், மேலே தோட்ட மண். இனிதான் முக்கியமான வேலை. மேலடுக்கிலிருந்து மணல்வரை ஒரு சின்னக் குப்பைக்குழி வெட்டி, பேனா மூடி ஒன்றைப் போட்டுத் தோட்ட மண்ணாலேயே மூடுங்கள்.

தோண்டும்போது பானைக்குப் பக்கத்திலேயே பேனா மூடி வரும். "ஆழத்தில் இருப்பதெல்லாம் பழசு" என்று நம்பிய பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்! குழியின் பக்கச் சுவரைக் கரண்டியால் சீவி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கும் கறுப்புத் தடம் தெரியும். சுவரில் அந்தத் தடம் விழும்படி குப்பைக்குழியை ஓரமாக வெட்டியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் குழிகளுக்கு நடுவே மண்சுவர்களை விட்டுவைத்ததும் அடுக்குகளை இப்படிப் படிக்கத்தான்.

என் வகுப்பில் நாற்பது பேர். ஒரு குழி போதுமா?

ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. மற்றவர்கள் சலிக்கட்டும், கழுவட்டும், வரையட்டும், பதிவு செய்யட்டும். அப்புறம் மாறிக்கொள்ளலாம். பதிவேட்டுக்காரர் வேலையைத் தண்டனை மாதிரி கொடுக்காதீர்கள், அதுதான் அகழாய்வின் உயிர். எந்தக் கட்டம், எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று எழுதிய சீட்டு இல்லாமல் எந்தப் பொருளும் பைக்குள் போகக் கூடாது.

புதையல் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடுகிறார்களே?

பளபளப்பான காசுகளைப் புதைக்காதீர்கள், அதுதான் அந்த ஆசையைக் கிளப்புகிறது. உடைந்த பானையில் சில துண்டுகளை எடுத்துவிட்டு மீதியைப் புதையுங்கள். ஒட்டவைக்கும்போது இல்லாத பகுதியை ஊகிக்க வேண்டிவரும். ஒரு விளிம்புத் துண்டை மட்டும் கொடுத்து, ஒரே மையத்தில் வரைந்த வட்டங்களின் மேல் பொருத்திப் பார்க்கச் சொன்னால் முழுப் பானையின் வாய் அகலம் கிடைத்துவிடும். கணக்குப் பாடத்தில் முகம் சுளிப்பவர்களும் இதை விடமாட்டார்கள்.

கரித்துண்டை வைத்து வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கிறார்கள் சார், எளிதாக எப்படி விளக்குவது?

நூறு காசுகளைக் குலுக்கிப் போட்டு, தலை விழுந்தவற்றை நீக்கச் சொல்லுங்கள். மீதியை மறுபடி குலுக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பாதி குறையும். உயிர் போன மரத்தில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் அப்படித்தான் குறைகிறது, பாதியாக சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். கரித்துண்டில் எவ்வளவு மீதி என்று அளந்து வயதைக் கணக்கிடுகிறார்கள். கல்லுக்கு இந்த முறை உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு மாணவன் நிஜமாகவே பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவந்தால்?

திட்டாதீர்கள். எடுத்த இடத்தை அவனையே காட்டச் சொல்லி, அன்றைக்கே எழுதிவைத்துத் துறைக்குத் தெரிவியுங்கள். 1940இல் பிரான்சில் லாஸ்கோ குகை ஓவியங்களைக் கண்ட பையன்கள் போய்ச் சொன்னது தங்கள் பழைய ஆசிரியரிடம்தான். திட்டுவார் என்று பயந்திருந்தால் போயிருப்பார்களா?