எந்நேரமும் போனில் இருக்கும் பையனை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான், அம்மா: பையன் போனும் கையுமாகவே இருக்கிறான், மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது, கணக்கு இனி அவனுக்கு ஒத்துவராது, ஏதாவது சுலபமான படிப்பாகப் பார்த்துச் சேர்த்துவிடலாமா. இவ்வளவு நேரம் இணையத்தில் கிடப்பவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று அவன் அப்பா சொல்கிறார். இரண்டையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

அப்பா சொல்வதை முதலில் முடித்துவிடுவோம். வீடியோ பார்ப்பதும் கேம் ஆடுவதும் கணினிப் படிப்புக்கான தகுதி ஆகாது. ஆடுகிற கேமில் எதையோ மாற்றிப் பார்க்கலாம் என்று கோடிங்கில் கைவைத்து, பிழை வந்து, ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிற பையன் என்றால் அது வேறு கதை. உங்கள் பையன் அங்கே எதையாவது செய்கிறானா, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறானா என்று சண்டைக்குப் போகாமல் அவனிடமே கேளுங்கள்.

சரி, மதிப்பெண். இப்படி வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது தூக்கத்தைத்தான். 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பதினொரு மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறான் என்கிறீர்கள். விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் ஒரு மணிவரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால், ஆறு மணிக்கு நீங்கள் எழுப்பும்போது அவன் தூங்கியிருப்பது ஐந்தே மணி நேரம். பகலில் படித்தது நினைவில் உறைவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதையே பாதியாக வெட்டிவிட்டு மதிப்பெண்ணைத் தேடினால் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு இந்த வயதில் தூக்கம் வருகிற நேரமே இயல்பாகத் தள்ளிப்போகும், அதைத்தான் நாம் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது கவனம். ஐந்து படிகளில் முடிய வேண்டிய ஒரு கணக்கு, மூன்றாவது படியில் போன் டிங் என்கிறது, அரை நிமிடம்தான் பார்க்கிறான், ஆனால் திரும்பி வந்ததும் முதல் படியிலிருந்து மறுபடி வாசிக்கிறான். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் 2009இல் ஆய்வு செய்து எழுதினார். இப்படி ஒரு மாலைக்கு இருபது முறை நடந்தால், தனக்குக் கணக்கே வராது என்று அவனே நம்பிவிடுவான், நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

இதற்கெல்லாம் அவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். முடிவே இல்லாமல் உருளும் திரையை 2006இல் வடிவமைத்த அஸா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். அப்புறம், அடிமை என்ற சொல்லை அவன் காதுபட அடிக்கடி சொல்ல வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருப்பது உண்மைதான், ஆனால் கட்டுப்பாடு கைவிட்டுப்போய், மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளி, பாதிப்பு தெரிந்தும் நிறுத்த முடியாத நிலை பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரையே சொல்வார்கள்.

செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. இரவில் வீட்டில் உள்ள எல்லோருடைய போனும் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், அப்பாவுடையதும் சேர்த்துத்தான், இல்லையென்றால் இரண்டாம் நாளே பேச்சு வரும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான், ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். படிக்கிற நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரேயடியாகப் பிடுங்கி வைக்காதீர்கள், அவன் நண்பர்களும் வகுப்புச் செய்திகளும் அதற்குள்தான் இருக்கிறார்கள். நேரக் கட்டுப்பாட்டு ஆப்களை நான் பெரிதாக நம்புவதில்லை, நாம் கடவுச்சொல் போட்டு முடிப்பதற்குள் அவர்கள் வழி கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான்கு வாரம் இப்படிப் போகட்டும். அதன் பிறகும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நண்பர்களைக்கூடத் தவிர்க்கிறான் என்றால் அவன் வேறு ஏதோ வேதனையிலிருந்து தப்பிக்கத்தான் போனுக்குள் போகிறானோ என்று பார்க்க வேண்டும். அப்போது என்னிடம் வராமல் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வரும்போது போன் வாங்கித் தருவதற்கு முந்தைய வருட மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வாருங்கள். கணக்கில் அப்போது என்ன எடுத்தான் என்று பார்த்துவிட்டுப் படிப்பைப் பற்றிப் பேசலாம்.