பாதி பெயிண்ட் அடித்த பிறகு "வேண்டாம்" என்றால்

நண்பரே, "வேலி முழுக்க பெயிண்ட் அடித்து முடித்தால் 800 டாலர்" என்று நியூஜெர்சி பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொன்னார், பாதியில் வேண்டாம் என்கிறார், எழுத்தில் எதுவும் இல்லை என்கிறீர்கள். கவலை வேண்டாம். நீங்கள் இதைத் தொழிலாகச் செய்பவர் இல்லை என்றால், இந்த மாதிரி வேலைக்குப் பொதுவாக வாய்மொழியே போதும்; தொழிலாகச் செய்பவர் என்றால் நியூஜெர்சியில் எழுத்து ஒப்பந்தம் தேவைப்படலாம்.

அவர் கேட்டது உங்கள் வாக்கை அல்ல, முடித்த வேலையை. இதுதான் ஒருதலை ஒப்பந்தம். இருவரும் வாக்குக் கொடுத்திருந்தால் இருதலை. 1981இல் வெளியான இரண்டாம் ரீஸ்டேட்மென்ட்டின் (அமெரிக்க ஒப்பந்தச் சட்ட விதிகளைத் தொகுத்துச் சொல்லும் நூல்) 45ஆம் பிரிவுப்படி, நீங்கள் தொடங்கிவிட்டால் அவர் பின்வாங்க முடியாது. அது சட்டம் இல்லைதான், ஆனால் நீதிமன்றங்கள் பெரிதும் மதிக்கும். அவர் தடுத்தால், உங்களுக்கு மிச்சமாகும் பெயிண்ட் செலவை 800 டாலரில் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். ஒப்பந்தமே இல்லை என்று தீர்ப்பானாலும், செய்த வேலையின் நியாயமான மதிப்பைக் கேட்க குவாசி கான்ட்ராக்ட் (ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், இருந்தது போலக் கருதி நீதிமன்றம் பணம் தரச் சொல்வது) என்ற வழி இருக்கிறது.

சரி, முதலில் அடித்த பலகைகளை இன்றே போட்டோ எடுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள்.